கண்டெய்னருக்குள் தட்டிய கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் 2008 ஆகஸ்டில், திருப்புட்குழிக்குப் பக்கத்தில் நடந்த இதைச் சத்யப்ரியா தன் கண்ணால் பார்த்தாள். அதுவும் பட்டப்பகலில்.

விவசாயம் படித்துவிட்டு அவள் சேர்ந்த முதல் வேலை அது. சின்ன காஞ்சிபுரத்து ரங்கநாத், பழைய இரும்புக் கண்டெய்னர் ஒன்றுக்குள் மண்ணே இல்லாமல் கீரை வளர்த்தார். ஜன்னல் கிடையாது. குழாய்களில் உரத்தண்ணீர் ஓடும். விளக்கு, ஏசி, மோட்டார் எல்லாம் டைமரில் தானாகவே இயங்கும். உள்ளே போய் அளவு பார்த்து எழுதுவதுதான் அவள் வேலை.

மூன்றாம் நாள், மதியம் 3.10. வேலை முடித்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

டொக்... டொக்... டொக்...

உள்ளேயிருந்து.

திறந்தாள். யாருமில்லை. கதவின் உட்புறம், ஈரம் படிந்த தகரத்தில் ஐந்து விரல் தடம். ஆள் உயரத்தில் தொடங்கித் தரைவரை இழுபட்டிருந்தது.

மறுநாள் ரங்கநாத்திடம் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"யாராவது உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார். சத்தம் கேட்டுது, அவ்ளோதான்."

"எலியா இருக்கும்மா. வா, காட்டறேன்."

3.08க்கு உள்ளே போனார். கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க அவள் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள்.

3.10.

கல் நகர்ந்தது. கதவு அறைந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்... கேஸ் கசிகிற சத்தம்.

"சத்யா... தொறம்மா..."

இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை.

"முனுசாமி... விட்டுடுடா..."

அந்தப் பெயரை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

டொக்...

டொக்...

பிறகு ஒன்றுமில்லை.

3.31க்குத் தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவோரம் ரங்கநாத் கிடந்தார். உயிர் இல்லை.

போலீஸ் வந்தபோது, தில்லையம்மாள் என்ற பெண்ணும் வந்தாள். முனுசாமியின் மனைவி.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் வூட்டுக்காரரு இங்கதான் வேல செஞ்சுக்கினு இருந்தாரு. கீரை வாடிப்போச்சுன்னு இவரு உள்ள வச்சிப் பூட்டிட்டாரும்மா. செடி வேகமா வளரறதுக்குக் கேஸ் சிலிண்டர் வச்சிருந்தாங்க. மூணு பத்துக்கு டைமர்ல அது தானா தொறந்துக்கிச்சி. மூச்சடைச்சி செத்தாரு. மாரடைப்புன்னு ஊர நம்ப வச்சிட்டாரு இவரு."

அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

நான்கு நாள் கழித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. ரங்கநாத்தைக் கொன்றது அதே கேஸ்தான், கார்பன் டை ஆக்சைடு.

போலீஸார் கண்டெய்னரையே பிரித்துத் தேடினார்கள். சிலிண்டர் கிடைக்கவில்லை. முனுசாமி செத்த வாரமே ரங்கநாத் அதைக் கழற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்.

இரண்டு வருஷமாக அந்தக் கண்டெய்னருக்குள் கேஸே கிடையாது.