என் அண்டாக்களை யார் பார்க்கலாம்?

நேற்று காலை டை கட்டிய இரண்டு பேர் என் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள்!

தெரியாதவர்களுக்கு: வில்லியனூரில் விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறேன். கணவர் போன பிறகு பதினோரு வருடமாக நான்தான் முதலாளி.

போன மாதம் ஒரு தப்பு செய்துவிட்டேன். ஒரே இட்லிக் கொப்பரையை ஒரே நாளில் பாகூருக்கும் பூரணாங்குப்பத்துக்கும் எழுதிவிட்டேன். (பூரணாங்குப்பத்துக் கல்யாணத்தில் காலை டிபன் உப்புமா. பாவம் என்னைச் சேர்ந்தது.)

செய்தி பெங்களூரில் இருக்கும் என் மகன் ஆல்பர்ட்டுக்குப் போய்விட்டது.

"அம்மா, சாஃப்ட்வேர் போடு. இன்னொரு தடவை இப்படி நடந்தா நானே வந்து கடையைப் பூட்டிடுவேன். நீ இங்க வந்துடு."

பதினான்காவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வது? லிஃப்ட் ஏறி இறங்குவதை எண்ணுவதா?

அதனால்தான் சாஃப்ட்வேர் விற்க வந்த இந்த இரண்டு டைகளும்.

முதல் ஆளின் டை முடிச்சு கோணலாக இருந்தது. (அவிழ்த்துக் கட்டச் சொன்ன பிறகுதான் பேச விட்டேன்.)

"ஆன்ட்டி, எல்லாமே இன்டர்நெட்ல, கிளவுட்ல இருக்கும். உங்க பையன் பெங்களூர்லேர்ந்தே பாத்துக்கலாம்!"

ஆல்பர்ட் அனுப்பிய ஆள் என்று உடனே புரிந்தது.

இரண்டாவது ஆள் என் பழைய கம்ப்யூட்டரில் தன் சரக்கை ஏற்றிக் காட்டினார். "மேடம், எங்களோடது இந்த கம்ப்யூட்டர்லயே இருக்கும். ஒரு எழுத்து கடையை விட்டு வெளிய போகாது."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது!

இருபது வருடமாக என்னிடம் பாத்திரம் சரிபார்க்கும் அஞ்சலைக்குக் குளிரவில்லை.

"இன்னாம்மா, இத்த எங்க வெப்ப? போன மழைக்கு இங்க முட்டிக்கால் தண்ணி. அண்டாவெல்லாம் படகு கணக்கா மெதந்துச்சே!"

"தினமும் பேக்கப் எடுத்து வெச்சிக்கணும் மேடம்."

"யாரு எடுக்கறது?"

"நீங்கதான்."

நான் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். கம்ப்யூட்டர் அப்படியே கண்ணை மூடியது. கிளவுட் ஆள் செல்போனைக் காட்டிச் சிரித்தார்.

"சிரிப்பை வெச்சிக்கிட்டே பின்பக்கம் குடோனுக்கு வாங்க" என்றேன்.

தகரக் கொட்டகை. சிக்னல் சுத்தமாக இல்லை!

"அந்த வேப்பமரத்தாண்ட போயி கைய தூக்கினு நில்லுபா, வரும்" என்றாள் அஞ்சலை. போய் நின்றார். (வந்தது!)

"சிக்னல் இல்லன்னாலும் எழுதலாம் ஆன்ட்டி. அப்புறம் தானா ஏறிடும்" என்றார், கையை இறக்காமலே.

அது போகட்டும். எனக்கு வேறு கவலை.

"என் பையன் இதுல என்னென்ன செய்யலாம்?"

"எல்லாமே ஆன்ட்டி! ஆர்டரை மாத்தலாம், கேன்சல் பண்ணலாம்..."

என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "இல்ல, அட்மின் யாருன்னு நீங்க சொல்றதுதான். அவருக்குப் பாக்க மட்டும்னு கூட குடுக்கலாம். அவர் எப்ப உள்ள வந்தாரு, எவ்ளோ நேரம் இருந்தாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"நிமிஷக் கணக்கா?"

"நிமிஷக் கணக்கா."

இரண்டாவது ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பி வைத்தேன். (அவர் டை முடிச்சு அவ்வளவு நேர்த்தி. வருத்தம்தான்.)

இன்று காலை நல்லவாட்டுக் கல்யாணத்துக்கு இட்லிக் கொப்பரையைக் கிளவுட் ஆளின் சாஃப்ட்வேரில் பதிந்தேன். அரை மணி நேரத்தில் பாகூரிலிருந்து போன், அதே தேதி, அதே கொப்பரை. தட்டினேன். சிவப்பாக எரிந்து, முடியாது என்றது!

"பாத்தியாம்மா, உனக்கே முடியாதுன்னு சொல்ல ஒரு ஆளு வந்துச்சு!" என்று அஞ்சலைக்கு ஒரே சந்தோஷம்.

கடை பிழைத்தது. பிறகு, யார் உள்ளே வந்தார்கள் என்ற பக்கத்தைத் திறந்தேன்.

ஆல்பர்ட். பதினொன்று இருபது முதல் பன்னிரண்டு ஐந்து வரை.

உடனே போன் போட்டேன்.

"ஏன்டா, ஆபீஸ் நேரத்துல முக்கால் மணி நேரமா என் கரண்டிய எண்ணிக்கிட்டு இருக்கியே, உன் மேனேஜருக்குத் தெரியுமா?"

"அம்மா... உனக்கு எப்படி..."

"இன்னொரு தடவை இப்படி நடந்தா நானே வந்து உன் லேப்டாப்பைப் பூட்டிடுவேன்!"

விசேஷம் வைத்திருப்பவர்கள் தேதியைச் சொல்லுங்கள். ஒரு கொப்பரை இனி ஒரு வீட்டுக்குத்தான் போகும். ஆல்பர்ட் பார்த்துக்கொண்டிருப்பான்.

பார்க்க மட்டும்!