ஒரே சட்டிக் கறி, இரண்டு உடம்பு

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டுக் கை கழுவும்போது தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தேன். பிறகு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, யாரோ முழங்கையால் அழுத்துவது போலிருந்தது. ஏப்பம் வேறு. வாயுதான் என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெண்களுக்குப் பல நேரம் தாடையிலும் முதுகிலும் மேல்வயிற்றிலும்தான் அது தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. உங்களுக்காவது நான் சொல்லிவைக்கிறேன். ஓமத்தண்ணீரை நம்பி ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள்.

என் முகம் சாம்பல் பூத்துப்போனதைப் பார்த்துச் சத்தம் போட்டவள் சுமதி. என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் தம்பி மனைவி. சூலூரில் எங்கள் தறிக்கூடத்தை ஒட்டி ஒரே வீடு, ஒரே அடுப்பு. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. மூத்தவரின் மனைவி என்பதால் என்னை அக்கா என்பாள்.

கோயம்புத்தூரில் மருத்துவமனைக்குப் போனதும் ஆஞ்சியோ (இதய இரத்தக்குழாய்களில் அடைப்பைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பெரிய குழாய் ஒன்றில் அடைப்பு. அங்கேயே ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பி வலை) வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டேன்.

பயந்துபோய் வீட்டில் எல்லோரும் சோதனை செய்துகொண்டார்கள். சுமதியின் இதயம் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நல்லியெலும்பு அத்தனையையும் உறிஞ்சியவள் அவள். நான் தின்றது மிச்சம் மீதி. இது என்ன நியாயம் என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கருப்பை எடுத்திருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

எடுத்திருந்தார்கள். முப்பத்தாறு வயதில், உதிரப்போக்கு அதிகம் என்று போன இடத்தில், சினைப்பை இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. பிள்ளைகள் பிறந்தாயிற்று, இனி எதற்கு என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. அதன் பிறகு மாதத் தூரம் என்று எந்த நோம்பி திருவிழாவுக்கும் நான் ஒதுங்கியதில்லை. மாரியம்மன் கோயிலுக்கு நான் மாவிளக்கு எடுக்கும்போது, வாசலோடு நின்று பார்க்கும் சுமதிக்கு என்மேல் கொள்ளைப் பொறாமை. எனக்கு அதில் ஒரு மிதப்பு.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் (பெண்மைக்கான ஹார்மோன்) இரத்தக்குழாய்களை இளக்கமாக வைத்திருக்க உதவுகிறது. அதைச் சீக்கிரமே இழந்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டாவது, குடலில் வாழும் பாக்டீரியாக்கள். கறியிலும் முட்டை மஞ்சளிலும் உள்ள சில சத்துகளை அவற்றில் ஒரு கூட்டம் உடைக்க, ஈரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அது இரத்தக்குழாயைக் கெடுக்கலாம். எல்லார் குடலிலும் ஒரே கூட்டம் இல்லை. குடலுக்கு வந்துசேரும் ஈஸ்ட்ரோஜனில் கொஞ்சத்தை மறுபடி உடம்புக்கே திருப்பி அனுப்புகிற பாக்டீரியாக்களும் உண்டாம். "ஆராய்ச்சி இன்னும் நடக்குதும்மா. இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் சொல்ல முடியாது" என்றார்.

"ஏனுங்க டாக்டர், அந்த ஹார்மோனை மாத்திரையாக் குடுத்துப்போட முடியாதுங்களா?"

"மாரடைப்பு வந்தவங்களுக்குப் புதுசா அதை ஆரம்பிக்கறதில்லைம்மா. வேற சிக்கல் வரும்."

வீட்டுக்கு வந்தேன். காலையில் கம்மங்கூழும் மோரும், மதியம் அவரைக்காயும் கீரையும் கொள்ளும். நார்ச்சத்து உள்ளே போனால்தான் குடலில் நல்ல கூட்டம் பெருகுமாம். பக்கத்தில் உட்கார்ந்து சுமதி ஈரல் வறுவலை வழித்து நக்குவாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

கறியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாதாமாதம் அடிவயிற்றில் வெந்நீர்ப்பையை வைத்துக்கொண்டு, "இந்தச் சனியன் எப்பத்தான் நிக்குமோ" என்று அவள் அலுத்துக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. ஐம்பதை நெருங்கும் ஒருத்தி இன்னொருத்தியின் தூரத்தைப் பார்த்து வயிறெரிந்தாள் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நான் எரிந்தேன்.

பிறகு அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போயிற்று. கருப்பையில் கட்டி, புற்று இல்லை, ஆனால் கருப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். அன்று மாலை என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எடுக்கறதே எடுக்கறோம், எல்லாத்தையும் ஒட்டுக்கா எடுத்துப்போடலாம்னு இருக்கறனுங்க. உங்களாட்ட நிம்மதியா இருக்கலாமுங்க."

எடுக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அவளும் என்னைப் போல ஆகட்டும். அடுத்த நொடியே எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"அறிவிருக்குதா உனக்கு? கட்டி கருப்பையிலதானே? சினைப்பை உன்னைய என்ன பண்ணுச்சு? என்றகிட்ட இல்லாம நான் சாகக் கெடந்தேன். நீ வெச்சுக்கிட்டே குப்பையில போடறேங்கற!"

அவள் மிரண்டுபோனாள். "ஏனுங்கக்கா இத்தன கோவம்?"

"பொறாமைதான் கண்ணு. வேற என்னன்னு நெனச்ச?"

கட்டிலில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு, "நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்களும் வாரீங்களா?" என்றாள்.

போனேன். சினைப்பையை விட்டுவைக்கக் கூடாதா என்று நான்தான் வாய்விட்டுக் கேட்டேன். ஸ்கேனில் சினைப்பைகள் நன்றாக இருந்தன, குடும்பத்தில் யாருக்கும் சினைப்பைப் புற்று வந்ததில்லை. விட்டுவைக்கலாம் என்று கருப்பையை மட்டும் எடுத்தார்கள். சிலருக்கு எடுத்தே ஆக வேண்டியிருக்கும், அது வேறு. ஆனால் எதை எடுக்கிறீர்கள், ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது எங்கள் இருவருக்கும் மாதத் தூரம் இல்லை. வெளியே பார்க்க ஒன்றுதான். ஆனால் அவளுக்குள் அந்த ஹார்மோன் இன்னும் சுரந்துகொண்டிருக்கிறது. என் வயது அறுவைச்சிகிச்சை மேசையிலேயே ஓடிவிட்டது. அவளுடையது நிதானமாக நடக்கிறது. பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் மத்தியானம் சமையலறையில் அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உடம்பெல்லாம் அனலா இருக்குதுங்கக்கா" என்றாள். சினைப்பை ஓயத் தொடங்கும்போது அப்படித்தான் அனல் அடிக்கும். அந்த நாள் வந்தால் துள்ளுவேன் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்! ஓடிப்போய் அவள் கழுத்தில் கை வைத்தேன்.

"ஏனுங்கக்கா? கரண்டு போயி எத்தன நேரமாச்சு, ஃபேன் ஓடலீங்கல்ல" என்றாள்.

அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.