ரைடு என்றால் வண்டி இல்லை

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். ஆங்கிலம் என்றால் அப்பா என்னைத்தான் கேட்பார். ஆலங்காயத்துப் புளி வியாபாரி ஒருவர் அப்பாவிடம், உங்கள் மரத்துப் புளியைக் கொடுங்கள், பணம் பிறகு தருகிறேன் என்றார். அவரை நம்பலாமா என்று அந்த ஊர்த் தோழியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஹி இஸ் டேக்கிங் யூ ஃபார் எ ரைடு" என்று பதில் போட்டாள்.

"வண்டி அனுப்புவாராம்பா" என்றேன். வண்டியும் வந்தது. இந்த வருடப் புளி மொத்தமும் போனது.

"இன்னாம்மா, வண்டி வந்துச்சு, துட்டு வர்லியே?" என்றார் அப்பா.

தோழியை அழைத்தேன். "ஏமாத்துறான்னுதானேடி போட்டேன்!" என்று கத்தினாள். ஏமாற்றுவதற்கு சீட், டிசீவ் என்று தேர்வுக்கு எத்தனை ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தேன்! அதில் ஒன்றைப் போட்டிருக்கக் கூடாதா?

இப்போது ஆங்கிலத்தில் எது வந்தாலும், "விசாரிச்சு சொல்றேன்பா" என்கிறேன். சொல்லும்போது வாய் கூசத்தான் செய்கிறது.