தலைவரின் சிவந்த கண்

என் வீட்டுக்காரர் பாலன் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். நல்ல மனிதர். இவ்வளவு நல்லவராக இருந்திருக்க வேண்டாம் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது. லோரியில் ஏர்கோன் ஓடாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, வெயிலையும் தூசியையும் கண்ணில் வாங்கியபடியே வருடக்கணக்கில் ஓட்டினார். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வலது கண்ணில் மூக்கோரமாக ஒரு சதை கிளம்பியது. கண் எப்போதும் சிவந்தே கிடந்தது. கண்ணாடிக் கடையில் பவரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், எதுவும் சரிப்படவில்லை.

நாங்கள் குடியிருக்கும் தாமானின் கோயிலில் வருடா வருடம் சாமி ரதம் ஏற்றிய லோரியை ஓட்டுவது இவர்தான். சம்பளம் கிடையாது. அதற்காக ஒரு மண்டலம் விரதம் இருப்பார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடையாது. அப்படி இருந்த ஒரு திருவிழாவில்தான் அது நடந்தது. பொழுது சாய்ந்து சீரியல் பல்புகளைப் போட்டதும், விளக்கெல்லாம் இவருக்குக் கோடுகோடாக இழுபட்டுத் தெரிந்திருக்கிறது. தோரண வளைவுக்கு முன்னால் சட்டென்று பிரேக் போட்டார். ரதம் குலுங்கி, ஐயர் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

கோயில் தலைவர் திருச்செல்வம் ஓடி வந்து இவர் கண்ணைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராக மைக்கைப் பிடித்தார்.

"தண்ணி போட்டுட்டு சாமி லோரியைத் தொடுறவனுக்கு இந்தக் கோயில்ல இடமில்ல. பாலன், இறங்கு லா!"

விரதம் இருந்த மனிதர் அத்தனை சனத்துக்கு முன்னால் இறங்கி வந்தார். "விடு குமுதா, சாமிக்குத் தெரியும்" என்றார். சாமிக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? பாசாரில் காய் வாங்கும்போது என் காதுபடவே "குடிகாரன் பொண்டாட்டி" என்றார்கள். அந்த ஆளை அதே மைக் முன்னால் நிறுத்தாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

இவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அனுப்பிரியா சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

"வெயில், காத்து, தூசியால வளர்ற சதை இது அங்கிள். கருவிழி மேல ஏறி இழுக்குது. துணிய ஒரு ஓரத்துல புடிச்சு இழுத்தா நடுவுலயும் சுருக்கம் விழும் இல்லையா? அப்படித்தான் உங்க கருவிழியோட வளைவே மாறிடுச்சு. அதான் எந்தக் கண்ணாடியும் சேரல."

சதையை வெட்டி, அதே கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து மெல்லிய தோல் எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். சில மாதங்களில் சிவப்பு வடிந்தது, பார்வையும் தெளிந்தது. நான் திருச்செல்வத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"குடிக்கிறவன் பொண்டாட்டிங்க எல்லாம் இப்படித்தாம்மா சொல்வாங்க."

திருச்செல்வம் பூச்சோங்கில் கட்டட சைட் சூப்பர்வைசர். அவருக்கும் நாளெல்லாம் வெயில்தான். இந்த வருடம் கோயில் அன்னதான வரிசையில் என் எதிரே வந்து நின்றார். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. மூக்கோரத்தில் அதே சதை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னண்ணே, காலையிலேயே தண்ணி போட்டாச்சா?" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, என்னம்மா பேசுற? நான் தொடுறதே இல்ல. வெயில்ல நின்னு நின்னு சதை வளருதுன்னு டாக்டரே சொன்னாங்க."

"குடிக்கிறவங்க எல்லாம் இப்படித்தாண்ணே சொல்வாங்க."

சிரிப்பு கூடியது. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. திருச்செல்வம் கிட்டே வந்து குரலை இறக்கினார்.

"தங்கச்சி, இது குடியில்லன்னு உனக்குத் தெரியும்தானே? நீயே சொல்லும்மா இவங்ககிட்ட."

மேடையில் மைக் இருந்தது. எடுத்து வந்து அவர் கையில் திணித்தேன்.

"நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் பேர்லேர்ந்து ஆரம்பிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம பாலன்..." என்றார். ஸ்பீக்கர்காரரிடம் சத்தத்தை இன்னும் கூட்டி வைக்கச் சொன்னேன்.