சகலைக்குக் கிடைத்த போர்டு

அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பவர் அவர். மதர்போர்டைக் கையில் கொடுத்தால் போதும், எந்த வருஷம், எந்த மாடல் என்று புட்டுப் புட்டு வைப்பார். ‘போர்டு டாக்டர்’ என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். ஆனாலும் இருபத்தாறு வருஷத்தில் அபூர்வம் என்று சொல்லும்படி ஒன்றுகூட அவர் கைக்குச் சிக்கவில்லை. என்றைக்காவது வரும் என்று, உள்ளே கறுப்பு நுரை பதித்த மரப்பெட்டி ஒன்றைச் செய்து மேல்தட்டில் வைத்திருந்தார். அவ்வப்போது தூசி தட்டுவதோடு சரி.

அன்று மத்தியானம் சகலை வந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன். இன்சூரன்ஸ் விற்பவன். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

“மழைக்குப் பழைய சாமான் கடையில ஒதுங்கினேன் சகல. சும்மா நிக்கக் கூச்சமா இருந்துச்சு, இதை வாங்கினேன். தேறுமா பாருங்க.”

மடக்கு லென்ஸை விரித்துப் பார்த்தவர், அந்தப் போர்டை விளக்கடிக்கு இழுத்தார். விற்பனைக்கு வந்த மாடலில் ஒரே ஒரு பெரிய சிப் உட்கார்ந்திருக்கும் இடத்தில், இதில் குட்டிக் குட்டியாய் நாற்பது சிப். பெரிய சிப் தயாராகும் முன், அது செய்யவேண்டிய வேலையைச் சரிபார்க்கக் கம்பெனிக்காரர்கள் கையால் கட்டிய சோதனைப் போர்டு. சிப் முதுகில் அச்சிட்டிருந்த வருஷமும் வாரமும்கூட ஒத்துப்போயின. மெஷின் விற்பனைக்கு வர ஏழு மாதம் இருந்தபோது செய்தவை.

வயிறு பற்றி எரிந்தது. மழைக்கு ஒதுங்கினவனுக்கா?

“யாரோ வேலையில்லாதவன் ஒட்டுப் போட்டிருக்கான்,” என்றார் லென்ஸை மடக்கியபடி. “தேறாது.”

“நல்லதாப் போச்சு. பாப்பா ஸ்கூலுக்கு அட்டையில ஊர் செய்யணுமாம். இதையெல்லாம் பிடுங்கி ஒட்டினா கட்டடம் மாதிரியே இருக்கும்ல.” சொல்லிக்கொண்டே மேஜைமேல் கிடந்த குறடை எடுத்து ஒரு சிப்பைக் கவ்வப் போனான்.

“வை அதை.” அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “இன்னொரு தடவை பாக்குறேன்.”

போர்டை வாங்கி, லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோய், ம்ம் கொட்டினார்.

“சகல, லென்ஸ் இன்னும் மடங்கியேதான் இருக்கு.”

காது மடல் சுட்டது. போர்டை மேஜையில் வைத்தார். “உலகத்துல ரெண்டு மூணு இருந்தா அதிகம். பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு.”

“பின்னே ஏன் தேறாதுன்னீங்க?”

“உனக்குக் கிடைச்சுதே, அதான்.”

சகலை சிரித்துவிட்டான். “மாமனார் எப்பப் பாத்தாலும் ‘பெரிய மாப்பிள்ளை மூளைக்காரர்’ம்பாரே, அப்பல்லாம் எனக்கும் இப்படித்தான் எரியும்.”

அவர் மூலையிலிருந்த டப்பாவைத் திறந்தார். செத்துப்போன சிப்களை இரண்டு கை நிறைய அள்ளி, பாப்பாவின் ஊருக்கென்று கொடுத்தார். சகலை போர்டை மறுபடி பிளாஸ்டிக் பைக்குள் திணிக்கப் போனான். பை உரசி மின்சாரம் ஏறினால் நாற்பதும் காலி. அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலில் ஏறி மரப்பெட்டியை இறக்கினார். அளவெடுத்துச் செய்ததுபோல் போர்டு அதில் உட்கார்ந்தது.

வாசல்வரை பெட்டியை அவரே தூக்கி வந்தார்.

“பெட்டி என்னோடது,” என்றார். “திருப்பிக் கொண்டாந்து குடுத்துடணும்.”