வெட்டுக்கிளிக்குக் கொடுத்த காகிதம்

நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் சேதி வந்தபோது, ஒரு வெட்டுக்கிளியின் முதுகில் மெழுகு வைத்துக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். விலங்கியல் துறைத் தலைவர் தணிகைவேல் சார் காலமானார். மெழுகு இறுகும்வரை ஊதிவிட்டுத்தான் எழுந்தேன். அவரும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

பூச்சி எப்படிப் பறக்கிறது என்பதே அவர் ஆயுசு முழுக்கக் கேட்ட கேள்வி. வெட்டுக்கிளியின் மேல் ஊதுபத்திப் புகையை ஓடவிட்டுப் படம் பிடிப்போம். இறக்கை கீழே அடிக்கையில் அதன் முன்விளிம்பில் புகை சுருண்டு ஒட்டிக்கொள்ளும். "பாரு கலா, அந்தச் சுழிதான் அதைத் தூக்குது. றெக்கைன்னா சும்மா விசிறின்னு நெனச்சிக்கினியா?" என்பார். அப்போது மட்டும் அவர் முகம் நன்றாக இருக்கும்.

ஒட்டிய பூச்சி பறக்க வேண்டுமென்றால் அதன் காலில் எதுவும் தட்டுப்படக் கூடாது. சின்னக் காகித உருண்டை கொடுத்தாலும் பற்றிக்கொண்டு இறக்கையை நிறுத்திவிடும். ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது பஸ் டிக்கெட்டை உருட்டி ஒன்றுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தவர் இடுக்கியால் பிடுங்கினார். "பாவம் பாத்தா படம் கெடைக்காது." சாயங்காலம்வரை பறந்து, பறந்தபடியே அது செத்தது. மேசையைத் துடைத்தவள் நான்.

பதினோரு வருஷமாக நான் தற்காலிக ஆய்வக உதவியாளர். பாகூர் வயல்களில் இறங்கிப் பூச்சி பிடிப்பவளும் நான்தான். என்னை நிரந்தரமாக்கும் பரிந்துரைக் கடிதத்தில் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வருஷா வருஷம் நீட்டுவேன். "இன்னா அவசரம்? பர்மனென்ட் ஆயிட்டா நீ ஏன் சேத்துல எறங்கப் போற? காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லன்னாதான் பறக்கும்" என்பார். துறையில் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் பக்கவாதம் வந்து பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு இல்லை. வலது கை மட்டும் அசைகிறது என்றார்கள். கையெழுத்துக்கு அது போதுமே என்று கடிதத்தோடு போனேன். வெட்கமாயில்லையா என்று கேட்காதீர்கள். வெட்கப்படுவதற்கும் வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும்.

"மருந்து வாங்கினு வந்துர்றேன், பாத்துக்கோம்மா" என்று அவர் மனைவி கீழே போனார். அந்தக் கை எதையோ துழாவிக்கொண்டே இருந்தது. பேனாவைத் திணித்தேன், நழுவி விழுந்தது. கடிதத்தின் முனை விரலில் பட்டதும் இறுகப் பற்றிக்கொண்டார். கை அடங்கியது. மூச்சு சீரானது. என்னைப் பார்த்தார்.

விரல் விரலாகப் பிரித்து அதைப் பிடுங்கினேன். கை மறுபடி காற்றில் துழாவியது. "பறங்க சார்" என்றேன். எனக்குப் பாவமாக இல்லை. நன்றாக இருந்தது.

மனைவி திரும்பி வந்து, "இன்னாம்மா தேடறாரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நாளை அவர் படத்துக்கு மாலை போட்டு, அவர் நமக்குக் கற்றுக்கொடுத்ததைப் பேசுவீர்கள். என்னிடம் இருப்பது அந்தக் கடிதம். கையெழுத்து இல்லை, அவர் பிடித்த கசங்கல் இருக்கிறது. காலையில் ஒட்டிய வெட்டுக்கிளி, இதை எழுதி முடிக்கும்போதும் பறந்துகொண்டிருக்கிறது. நான் காகிதம் கொடுக்கவில்லை.