காற்றுக்குத் திறந்த பெட்டி

என் பேத்தியின் வெளிச்சத்தை அணைத்தவள் நான்தான். மூன்று வருடமாக மறைத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, அயல்வீட்டுக்காரி எழுதுகிறாள். நீங்கள் வாசியுங்கள்.

ஸுமையா பல்கலைக்கழகத்தில் ஒளிரும் பிளாஸ்டிக் செய்கிறாள். போன் திரைக்குள் பூசுவதாம். கொஞ்சக் கரண்டுக்கு நிறைய வெளிச்சமாம். மணி கோப்பதுபோல் சங்கிலியாகக் கோப்பாளாம். எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி என்பதில்தான் நிறமே இருக்கிறதாம்! எனக்கென்ன விளங்கும்... ஆனாலும் கேட்கக் கேட்கச் சிரிப்பு வரும்.

பெற்றோல் இல்லாமல் வளாகம் மூடிய மாதம், அந்தச் சங்கிலியைப் பூசிய ஆறு கண்ணாடித் துண்டுகளோடு மருதமுனைக்கு, என் வீட்டுக்கு வந்தாள். காற்றுப் புகாத பெட்டி, மூடியும் கண்ணாடி. நீல டோர்ச்சை அடித்தாள். வாழைக் குருத்தின் பச்சை... சுப்ஹானல்லாஹ்! இருட்டில் வைத்து, வெளிச்சம் எத்தனை நாள் நிற்கிறதென்று பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

நான் நூலுக்குச் சாயம் போட்டவள். எங்கள் சாயத்தில் ஒரு வகை, தொட்டியிலிருந்து எடுக்கும்போது வேறு நிறம். காற்றில் விரித்தால்தான் சொந்த நிறம் ஏறும், பிறகு துவைத்தாலும் போகாது. பிள்ளை இதை மூடியே வைத்திருக்கிறாளே, எப்படிப் பிடிக்கும்?

அவள் கல்முனைக்குப் போன பகலில் பெட்டியைத் திறந்தேன். ஆறையும் முற்றத்துப் பாயில் வெயிலுக்குப் பரப்பினேன். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அடுக்கி மூடினேன். சந்தோசப்படப் போகிறாள் என்று சோற்றுக்கு முருங்கைக்காய் ஆணமும் வைத்தேன்...

மறுநாள் டோர்ச் அடித்தாள். ஒன்றிலும் பச்சை இல்லை.

"உம்மம்மா, பெட்டியத் தொறந்தீங்களா?"

"இல்ல மகள்."

தொழுதுவிட்டு எழும்பிய வாயால் பொய். ஏன் சொன்னேன்? ஏசுவாள் என்றா? அவள் ஏசுகிற பிள்ளையே இல்லை...

காற்றும் வெயிலும் படாமலே செத்ததென்றால் சங்கிலியில்தான் கோளாறு, தான் கோத்ததுதான் பிழை என்று முடிவெடுத்தாள். பேராசிரியருக்கும் அப்படியே எழுதினாள். அந்தச் சங்கிலியைக் கைவிட்டு வேறொன்றைத் தொடங்கினாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை போனில் கதைத்தாள். புதியது ஒளிர்கிறதாம்.

"ஆனா முந்தினதுட பச்சை இதுல இல்ல உம்மம்மா. அத நான் ஒழுங்காச் செய்யல்ல."

"நீ நல்லாத்தான் செஞ்ச மகள்."

அவள் சிரித்தாள். "நீங்க அப்புடித்தான் சொல்லுவீங்க."

அவ்வளவுதான். உண்மையில் பாதியைச் சொன்னேன். அதைப் பாசமென்று எடுத்துக்கொண்டாள். மீதிப் பாதி நாக்கில் நின்றது... சாப்பிட்டாயா என்று கேட்டு, போனை வைத்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.